ஆர்.சி. புக்கும் அப்பாவின் கையெழுத்தும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுது என்று சங்கச் செயலாளர் கேட்டதும், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதைத்தான் பரீட்சையில் எழுதி எழுதித் தேய்த்தாயிற்றே! அதனால் எங்கள் வீட்டு ஆம்னி வேனை விற்ற கதையை எழுதுகிறேன். மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல்காரன் எழுத வேண்டிய விஷயம்தான்.

சினிமாக்காரர்களுக்குக் கேரவன் என்றால் எங்களுக்கு அந்த ஆம்னி. 2009 மாடல், 796 சி.சி., மூன்று சிலிண்டர். 2019-லேயே கம்பெனி ஆம்னி தயாரிப்பதை நிறுத்திவிட்டது, ஆனால் கிராமத்துப் பக்கம் இன்றைக்கும் அதற்குக் கிராக்கி உண்டு. பின் சீட்டைக் கழற்றிவிட்டு அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாம் ஏற்றி, விடியற்காலை நாலரைக்கு சிவகாசி ரோட்டில் கொண்டுபோய் நிறுத்துவார் அப்பா. பட்டாசுக் கம்பெனி வண்டிக்கு நிற்கிறவர்களுக்கு இட்லியும் பருத்திப்பாலும். ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போனால் அதிலேயே சமையல், அதிலேயே தூக்கம். அம்மாவும் தங்கச்சியும் நானும் உள்ளே. அப்பா வெளியே சக்கரத்தை ஒட்டித் தார்ப்பாயில்.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டது. அதன் பிறகு கம்பெனிகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கம்பெனி இல்லையென்றால் இட்லி யாருக்கு? அப்போது வாங்கிய கடன், வட்டிக்கு வட்டி என்று எங்களை விடவே இல்லை. போன வருஷம் அப்பாவுக்கு மூட்டுவலி வந்து நிற்க முடியாமல் போனது. "வண்டியக் குடுத்துருவோம்" என்று அவர் சொன்னபோது அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புரோக்கர் ஒருவர் வந்தார். கதவைத் தட்டிப் பார்த்தார், ஸ்டார்ட் பண்ணச் சொன்னார், "அண்ணாச்சி, அம்பத்தெட்டு. இப்பவே ரொக்கம்" என்றார். கையோடு இரண்டு பாரத்தை நீட்டினார். 29, 30. எல்லாமே காலி. கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம்!

அப்பாவுக்குப் பேரை மட்டும் எழுதத் தெரியும். என்னைப் பார்த்து, "நீ படிச்சவன்தான, இதுல என்ன எழுதிருக்குன்னு சொல்லு" என்றார். வால்வ் டைமிங் டயக்ராமைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற எனக்கு அந்தப் பாரத்தில் ஒரு வரி புரியவில்லை. அன்றைக்குப் பட்ட வெட்கம் அரியர் வைத்த அன்றுகூடப் படவில்லை. "நாளைக்குச் சொல்றோம்ணே" என்று மட்டும் சொன்னேன். புரோக்கர் முறைத்துவிட்டுப் போனார்.

எனக்கு நினைவு வந்தது சித்தப்பாவின் குட்டி யானை. இதேபோல் காலிப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து லைசென்ஸ் இல்லாத பட்டாசை ஏற்றிக்கொண்டு போகையில் அந்த வண்டி பிடிபட்டது. போலீஸ் வந்து நின்றது சித்தப்பா வீட்டு வாசலில். ஆர்.சி.யில் அவர் பேர்தானே இருக்கிறது! கோர்ட்டுக்கு அலைந்த செலவு, வண்டி விற்ற காசை விட அதிகம்.

எங்கள் சாரிடம் போய்க் கேட்டேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு விபத்து வழக்கு வந்தது. வண்டி பல கை மாறியிருந்தும், யார் பேர் ஆர்.சி.யில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பு. 2023 ஏப்ரல் முதல் இன்னொரு விதியும் உண்டு. ஆர்.டி.ஓ.வில் அனுமதி வாங்கிய டீலரிடம் கொடுத்தால், 29சி பாரத்தில் தெரிவித்த நாளிலிருந்து அந்த டீலர்தான் பொறுப்பு. "அனுமதிச் சான்று இருக்கா?" என்று புரோக்கரிடம் போனில் கேட்டேன். "தம்பி, ரொம்பப் படிச்சுட்டீங்க" என்று வைத்துவிட்டார்.

ஆக, நேரடியாகத்தான் விற்க வேண்டும் என்று ஆனது. சொல்வது சுலபம். மூன்று வாரம் ஆள் வரவில்லை. கடன்காரர் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அம்பத்தெட்டையும் கெடுத்தவன் நான்தானே?

நாலாவது வாரம் சாத்தூர்ப் பக்கமிருந்து ஓர் அண்ணன் வந்தார். ஊர் ஊராகப் போய்ச் சேவு விற்பவர். எழுபத்தாறுக்கு முடிந்தது. ஆனால் அவரும், "பேர அப்புறமா மாத்திக்கிறேன், இப்ப கையில காசில்ல" என்றார். நான் முடியாது என்றேன். அப்பாவுக்குக் கோபம். "வீடு தேடி வந்த மனுசனை நம்பாமப் பேசுறியே" என்று எல்லார் முன்னாலும் திட்டினார். சேவுக்கார அண்ணன் எழுந்து செருப்பை மாட்டினார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. "அண்ணே, மாத்துற செலவுல பாதி நாங்க தாறோம். உங்க சரக்கோட வண்டி எங்கயாவது மாட்டுனா, ஆர்.சி.ல உங்க பேரு இருந்தாத்தான் நீங்க போய் மீட்க முடியும்" என்றேன். வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் சிரித்தார்.

கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து பரிவாகன் தளத்தில் நானே பூர்த்தி செய்து பிரிண்ட் எடுத்தேன். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அப்பாவுக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. நிதானமாக, பேரின் கடைசிப் புள்ளியை இரண்டு தடவை அழுத்தி வைத்தார். பேர் மாறிவிட்டது என்று மெசேஜ் வந்த அன்றைக்கு, "இன்னொருக்கா வாசி" என்றார்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். எங்கள் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. சேவுக்கார அண்ணன் ஹாரன் அடித்துக் கையை ஆட்டினார். அது வளைவில் திரும்பும்வரை அப்பா காதைக் கொடுத்து நின்றார்.

"ரெண்டாவது கியர்ல கிளட்ச விட இன்னும் தெரியல அவனுக்கு" என்றார்.