ரெண்டாம் கியர்

கினிகத்தேனை தாண்டியாயிற்று. முன்னால் பால் பவுசர். அதற்கு முன்னால் விறகு ஏற்றிய ட்ரக்டர். அதற்கும் முன்னால் என்ன என்று தெரியவில்லை. பனி.

பின்னால் தனியார் பஸ். கண்ணாடி முழுக்க அதன் முகம்தான். முகப்பில் பிள்ளையாரும் புத்தரும் பக்கத்தில் பக்கத்தில், சிவப்பும் நீலமுமாய் விட்டுவிட்டு எரியும் விளக்குக்குள்.

முந்த இடமில்லை என்பது அந்தச் சாரதிக்கும் தெரியும். ஆனாலும் ஹோர்ன். என்னை நோக்கி இல்லை. பொதுவாக, மலையை நோக்கி.

*

ஏ7 வீதி. அவிசாவளையில் தொடங்கி கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா.

தோட்டத்துச் சனங்களுக்கு இது மெயின் ரோட்டு. பள்ளிக்கூடம் போவது இதில். கொழுந்து நிறுப்பது இதன் ஓரம். காவடி வருவது இதில். பிணம் தூக்கிப் போவதும் இதில்தான்.

நடைபாதை கிடையாது. ஒரு பக்கம் மலையை வெட்டிய சுவர். மறுபக்கம் கான். கானுக்கு அப்பால் பள்ளம்.

*

பள்ளிக்கூடம் விடும் நேரம். கானோரம் வெள்ளைச் சீருடைகள், ஒருவர் பின் ஒருவராக.

பஸ் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமலே ஒரு காலைக் கானுக்குள் இறக்கி நிற்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில். பஸ் போனதும் காலை எடுத்து நடக்கிறார்கள். பேச்சு அறுபடவில்லை.

இடது சப்பாத்து மட்டும் எல்லோருக்கும் ஈரம்.

*

சிக்னல் பாஷை.

முன்னால் போகும் லொறி இடது சிக்னல் போட்டால்: வழி இருக்கு, நீ போ. வலது போட்டால்: எதிரே ஆள் வருது, பொறு. அல்லது: நான் வலது பக்கம் திரும்பப் போகிறேன். ரெண்டில் எது என்பதை அந்த லொறியின் முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

எதிரே வருபவர் லைட் அடித்தால்: பொலிஸ் நிற்குது. அல்லது, நீங்க வாங்க. அல்லது, நான் வாறேன், நில்லு. அல்லது, நன்றி. நாலுக்கும் ஒரே வெட்டு.

மாட்டிக்கொண்டால் தண்டப்பணம். அதைக் கட்டத் தபால் கந்தோரில் வரிசை. அங்கே யாரும் முந்துவதில்லை. முந்தினால் பின்னால் நிற்கும் பாட்டி விடமாட்டார்.

*

இரவில் வளைவுக்குப் பயமில்லை. வண்டிக்கு முன்பே அதன் வெளிச்சம் வந்துவிடும். பகல்தான். பனி இறங்கிய பகல்.

*

இந்த வளைவுகளை யாரும் பஸ்ஸுக்காகப் போடவில்லை. முதலில் கோப்பி, பிறகு தேயிலை. மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் இறங்கிய காலத்துத் தடங்கள் இவை. ரயில் ஹட்டனுக்கு வந்தது 1884இல். நானுஓயாவுக்கு 1885இல். அதுவரை மேலே போனதும் கீழே வந்ததும் மாட்டின் தயவில்.

மாடு எந்தச் சரிவில் ஏறுமோ அந்தச் சரிவு. மாடு எங்கே திரும்புமோ அங்கே வளைவு.

இப்போது அதே இடத்தில் ஐம்பத்து நாலு ஆசன லேலண்ட் திரும்புகிறது. பின்பக்கம் சுவரை உரசுகிறது. சுவரில், சரியாகத் தோள் உயரத்தில், நீளத்துக்கு ஒரு நீலக் கீறல். அதன் மேல் சிவப்புக் கீறல்.

*

ரதெல்ல குறுக்கு வீதி. 2023 ஜனவரி 20. கொழும்பிலிருந்து பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பஸ் இறக்கத்தில் ஒரு வேனையும் ஆட்டோவையும் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. வேனிலும் ஆட்டோவிலும் இருந்த 7 பேர் செத்தார்கள். அதன்பிறகு அந்த வீதியில் கனரக வாகனங்களுக்குத் தடை.

குறுக்கு வீதி. மிச்சமாவது சில நிமிடம்.

ஹட்டன் மல்லியப்பு. 2024 டிசம்பர் 21. 3 பேர்.

கொத்மலை கெரண்டிஎல்ல. 2025 மே 11, விடியற்காலை. கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போன இ.போ.ச. பஸ். 20க்கும் மேல். மறுநாள் வெசாக்.

எல்ல - வெல்லவாய வீதி. 2025 செப்டம்பர் 4. தங்காலை நகர சபை ஊழியர்கள் சுற்றுலா வந்த பஸ். 15 பேர்.

தேதி தேதியாக எழுதிக்கொண்டே போகலாம். போதும்.

*

2025 ஜூலையிலிருந்து நெடுந்தூர பஸ் சாரதிக்கு ஆசனப்பட்டி கட்டாயம்.

மிதிபலகையில் தொங்குபவருக்கு?

"இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன. முன்னுக்குப் போங்க. நடுவுல எடம் இருக்கு தானே." நடுவில் இடம் இருப்பது நடத்துனரின் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

*

லபுக்கலையிலிருந்து ரம்பொடைக்கு இறங்கும் வண்டிகளுக்கு என்று ஒரு மணம் இருக்கிறது. கருகல் நெடி. தேயிலைக் கடை முன்னால் நிறுத்தியிருக்கும் கார்களின் முன்சக்கரத்திலிருந்து வருகிறது. குனிந்து பார்த்தால் மெல்லிய புகை. சொந்தக்காரர்கள் புகைக்கு முதுகு காட்டி, தேயிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் சூடேறும். சூடு கூடக் கூடப் பிடி குறையும். காற்று பிரேக் பஸ்ஸில் திரும்பத் திரும்ப மிதித்தால் தாங்கியில் காற்று இறங்கும். எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு என்பது பழைய சாரதிகள் சொல்லும் கணக்கு. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

வாடகைக்கு எடுத்து வரும் ஹைபிரிட் கார்களில் கியர்க் கம்புக்குப் பக்கத்தில் 'பி' என்று ஒரு எழுத்து இருக்கும். அது இதற்காகத்தான் இருக்கிறது. அந்த எழுத்து மட்டும் எல்லாக் கார்களிலும் புத்தம் புதிதாக இருக்கிறது.

நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பவர்கள் தனிச் சாதி.

புசல்லாவை கராஜில் ஒரு வயதான பாஸ். லைனரைக் கழற்றி என் கையில் தந்தார். விரல் நகம் அளவுக்குக்கூடக் கனம் இல்லை. ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

"பாத்தீங்களா தம்பி. டீசல் மிச்சம். அவன் பொஞ்சாதி எடுத்துச் செலவு பண்ணுவா."

சிரிக்கவில்லை அவர். ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

*

ரம்பொடைச் சுரங்கம். 2008இல் திறந்தது. 225 மீற்றர்.

உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஹோர்ன் அடிக்கிறார்கள். எதிரே வளைவும் இல்லை, ஆளும் இல்லை. எதிரொலி கேட்கத்தான். நரைத்த தலைகளும் அடிக்கின்றன. நானும்.

*

லபுக்கலை வளைவுகளில் பூ விற்கும் பையன்கள்.

முதல் வளைவில் பூங்கொத்தை நீட்டுகிறான். வேண்டாம். வண்டி சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அவன் தேயிலைக்குள் நேராக இறங்குகிறான். அடுத்த வளைவில் அவனே, அதே பூ. வேண்டாம். அதற்கடுத்த வளைவிலும். மூச்சு வாங்குகிறது. இப்போது வாங்குகிறார்கள். பூவுக்காக என்று தோன்றவில்லை.

இந்த மலையில் எல்லா வாகனத்தையும் முந்துகிறவன் அவன் ஒருவன்தான். ரப்பர் செருப்பு. வார் அறுந்த இடத்தில் ஊக்கு.

*

பெக்டரிச் சக்கரத்துக்குக் காவல் ரோதமுனி. ரோட்டுக்கு முனியாண்டி.

வளைவில் கோயில். பஸ் நிற்கவில்லை. வேகமும் குறையவில்லை. நடத்துனர் உண்டியலை நோக்கி ஒரு நாணயத்தை வீசுகிறார். உண்டியலில் பட்டதா, கானில் விழுந்ததா, யாரும் பார்க்கவில்லை.

சாரதி ஒரு கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொள்கிறார். கோயில் தாண்டியதும் அதே கையால் கியரை மாற்றி முந்துகிறார்.

*

ஏப்ரல். நுவரெலியா. வசந்த காலமாம்.

கிரகரி வாவியைச் சுற்றி ஒருவழிப் பாதை. நானுஓயாவிலேயே வண்டிகள் நின்றுவிடுகின்றன. கண்ணாடியை இறக்கிக் குளிர் வருகிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறார்கள். டீசல் புகைதான் வருகிறது.

மகாகஸ்தோட்டையில் அதே மாதம் மலையேற்றக் கார் பந்தயம். அங்கே நொடிக் கணக்கு. கீழே டவுனில் மணிக் கணக்கு. ரெண்டும் ஒரே மலை.

கரட் விற்கிறவர், கையில் நாலு கட்டு, ஜன்னல் ஜன்னலாக:

"இன்னைக்கு ரோட்டு நல்லா இருக்குங்க சார்."

அரை மணி நேரமாக ஒரு சக்கரமும் உருளவில்லை.

*

டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைக் காலம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நல்லதண்ணி. வார இறுதியில் பஸ்ஸுக்குப் பின் பஸ்.

மேலே படிகளில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் 'கருணாவை' சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். கிழவியைக் கைபிடித்து ஏற்றுகிறார்கள், யாரென்றே தெரியாமல்.

கீழே, ஒடுங்கிய பாலத்தில், மூக்கோடு மூக்கு ரெண்டு பஸ். ஒருவரும் பின்னால் எடுக்க மாட்டார். உள்ளே பிரித் ஓதுகிறது. ரெண்டிலும்.

*

நோர்ட்டன் பிரிட்ஜில் ஒரு டயர் வைத்திருக்கிறார்கள். விமான டயர். 1974 டிசம்பர் 4, மக்காவுக்குப் போகும் இந்தோனேசிய யாத்திரிகர்களோடு வந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை.

பக்கத்தில் ஆட்டோக்காரர் ஒருவர் தன் டயரில் காற்று இருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

ஆட்டோ ஒன்று சடாரென்று குறுக்கே வெட்டியது. டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலில் திரும்பியது. பின் ஆசனத்தில் போர்வை சுற்றிய ஒரு பெண், மடியில் இன்னொரு பெண்ணின் தலை.

கொஞ்ச தூரத்தில் இன்னொரு ஆட்டோ வெட்டியது. அது சாராயக் கடை வாசலில் திரும்பியது.

அந்த ஆஸ்பத்திரியின் புதிய கட்டடத்தை 2017 மே 12இல் திறந்து வைத்தவர் இந்தியப் பிரதமர் மோடி. இந்தியா கட்டிக் கொடுத்தது. அவர் ஹெலிகொப்டரில் வந்தார்.

*

மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் திரும்பும் இடத்தில் தார் முடிகிறது. வெட்டினாற்போல். அதற்குப் பிறகு கல், குழி, தண்ணீர்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018இல் திருத்தினார்கள்.

குழிகளுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

இந்த ரோட்டில் ஓட்டுகிறவருக்குத் தெரியும்: பெரிய குழி இடது பக்கம், பிறகு வலது, பிறகு நடுவில் ஒன்று, அதற்குப் பிறகு அம்மன் கோயில். கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார். மழை பெய்து எல்லாக் குழியும் நிறைந்திருக்கும்போது அது உதவுகிறது.

*

2022. எரிபொருள் வரிசை. பிறகு கியூ.ஆர். அட்டை. தொடக்கத்தில் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, காருக்கு 20.

வண்டிகள் எல்லாம் ஓரத்தில், வரிசையில். ரோடு காலி. கொழுந்துப் பெண்கள் நடுரோட்டில் நடந்தார்கள், நாலு பேர் ஐந்து பேராக, கை வீசிக்கொண்டு. நாய்கள் தார்ச் சூட்டில் படுத்தன.

பிள்ளைகளின் சப்பாத்து காய்ந்திருந்தது.

மரக்கறி அழுகியது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிடைக்கவில்லை. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

*

2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை கார் இறக்குமதி இல்லை. பழைய அல்டோவை வாங்கிய விலையைவிடக் கூடுதலுக்கு விற்றவர்கள் உண்டு.

கொழுந்து லொறிகளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவை எப்போதும் பழையவை. கதவைக் கம்பியால் கட்டியிருக்கும். பக்கக் கண்ணாடி இருந்த இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி, ரோஸ் நிறப் பிளாஸ்டிக் விளிம்போடு.

*

மாலை. வட்டவளைப் பக்கம். ரோட்டோரம் தராசு. கொழுந்துச் சாக்குகள். பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள், வரிசையின் வால் ரோட்டுக்குள்.

பஸ் ஹோர்ன் அடிக்கிறது. யாரும் நகரவில்லை. தராசு முள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. கணக்கப்பிள்ளை எழுதும்வரை அந்தப் பெண்ணின் கண் முள்ளை விட்டு எடுபடவில்லை.

எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். பிறகுதான் ஒதுங்கினாள்.

பஸ் சாரதியும் அதற்குள் ஹோர்னை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

2025 நவம்பர் இறுதி. டித்வா புயல். மலை இறங்கி ரோட்டில் உட்கார்ந்தது. நுவரெலியாவுக்குப் போகும் வீதிகள் அறுந்தன.

மண் சரிந்த இடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு பஸ். நடுவில் சனங்கள் மூட்டையோடு சேற்றில் நடந்து கடந்தார்கள். ரெண்டு சாரதிகளும் இறங்கி வந்து கைகொடுத்தார்கள்.

*

ஏறி வருகிறவருக்கு வழி. மலையில் இது பழைய வழக்கம்.

கீழிறங்கும்போது ஒடுங்கிய இடத்தில் கொழுந்து லொறி எதிரே வந்தால் நில்லுங்கள். உங்களுக்கு நின்றால் நட்டமில்லை. திரும்ப உருள்வது சுலபம். பாரத்தோடு ஏறுகிற லொறி நின்றால், கிளம்புவதற்குள் பின்னால் சறுக்கும். கிளீனர் பையன் கட்டையோடு குதித்து ஓடிப் பின்சக்கரத்துக்கு அணை கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் சக்கரம், மறுபக்கம் கான். அவனை ஓட வைக்காதீர்கள்.