கடலடியில் எடுத்த படங்கள்

மாணவர்களே,

கடலில் 10 மீற்றர் ஆழத்தில் நீரினால் ஏற்படும் அமுக்கம் எவ்வளவு என்ற கணக்கை நீங்கள் விஞ்ஞானப் பாடத்தில் செய்திருப்பீர்கள். ஆழத்தையும் அடர்த்தியையும் புவியீர்ப்பு ஆர்முடுகலையும் பெருக்கி, ஏறத்தாழ 100 000 பஸ்கால் என்று விடை எழுதிப் புள்ளியும் பெற்றிருப்பீர்கள். அந்த எண்ணை என் இரு காதுகளிலும் உணரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. நான் தமிழும் வரலாறும் கற்பிக்கும் கலைப் பட்டதாரி. ஆகவே இதனை ஒரு விஞ்ஞான ஆசிரியரின் விளக்கமாகக் கொள்ளாமல், போய்வந்த ஒருவன் சொல்வதாகவே கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் நண்பர்கள் எட்டுப்பேர் திருகோணமலைக்குப் பயணமானோம். கிழக்குக் கடல் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரையே சுழியோட ஏற்றதாக அமைதியாக இருக்கும். நீருக்கடியில் படம் எடுப்பதே எமது நோக்கம். ஐவர் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மேலே மிதப்பதென்றும், பயிற்சி பெற்றிருந்த மூவர் வளி நிரப்பிய சிலிண்டருடன் கீழே இறங்குவதென்றும் தீர்மானித்தோம்.

முதல் நாள் நிலாவெளிக்கு எதிரே, கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாமலைக்குச் சென்றோம். 2003 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்ட தீவு அது. அதனைச் சூழ முருகைக் கற்பாறைகள் உள்ளன. கீழே இறங்கியதும் எனக்கு முதலில் தோன்றியது, கடல் வண்ணமயமானது என்று நாம் கட்டுரைகளில் எழுதுவது பாதிதான் உண்மை என்பதே. ஐந்தாறு மீற்றர் சென்றதும் சிவப்பு நிறம் மங்கிவிடுகிறது. வெள்ளொளியின் சிவப்புப் பகுதியை நீர் முதலில் உறிஞ்சிவிடுவதே காரணம். சிவப்பு மீன் சாம்பலாகத் தெரியும். பிளாஷ் வெளிச்சம் பட்ட கணத்தில் மட்டுமே அதன் உண்மை நிறம் கமராவில் பதியும். ஒளிமுறிவினால் பொருட்கள் இருக்கும் இடத்தைவிடக் கிட்டவாகவும் பெரிதாகவும் தோன்றும். கையை நீட்டினால் மீன் இன்னும் ஒரு சாண் அப்பால் நிற்கும். படம் எடுப்பவர் ஒரு மீற்றருக்குள் நெருங்க வேண்டும், ஆனால் முருகைக்கல்லில் காலோ கையோ படக்கூடாது. சொல்வது சுலபம்!

நீருக்குள் பேச்சு இல்லை, கைச்சைகைதான். பெருவிரலை உயர்த்தினால் 'நல்லது' என்று பொருளல்ல. 'மேலே போவோம்' என்று பொருள். கரும்செட்டைச் சுறா ஒன்றைக் கண்ட மகிழ்ச்சியில் எங்கள் நண்பர் ஒருவர் பெருவிரலை உயர்த்தினார். வழிகாட்டி உடனே எங்கள் எல்லோரையும் மேலே கூட்டிவந்துவிட்டார். அந்தச் சுறாவின் படம் எங்களிடம் இல்லை.

மறுநாள் கோணேசர் ஆலயம் நிற்கும் சுவாமிமலையின் அடியில் உள்ள கடலில் இறங்கினோம். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த பழைய ஆலயத்தின் செதுக்கிய தூண்கள் அங்கே பாறைகளுக்கிடையில் கிடக்கின்றன. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இங்கே சுழியோடினர். வில்சன் படங்களும் எடுத்தார். வரலாற்றுப் பாடத்தில் பலமுறை சொன்ன ஒரு செய்தியை, பாசி படர்ந்த கல்லாகக் கண்ணெதிரே கண்டபோது எனக்கு நேரம் போனதே தெரியவில்லை. வழிகாட்டிக்குத் தெரிந்தது. அவர் அமுக்கமானியைச் சுட்டிக்காட்டினார். 200 பாரில் தொடங்கியது 70 க்கு வந்திருந்தது. 10 மீற்றரில் அமுக்கம் இரு மடங்கு. எனவே ஒவ்வொரு மூச்சுக்கும் சிலிண்டரிலிருந்து இரு மடங்கு வளி செலவாகிறது.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இதை எழுதக் காரணம். போயிலின் விதிப்படி, 10 மீற்றரில் சுவாசித்த வளி நீர்மட்டத்துக்கு வரும்போது இரு மடங்கு கனவளவாகிறது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் சுவாசப்பை கிழியலாம். மன்னாரில் முத்துக் குளித்த நம் முன்னோர் மூச்சை அடக்கித்தானே இறங்கினர் என்று கேட்பீர்கள். அவர்கள் கடலுக்கு மேலே எடுத்த மூச்சோடு சென்று அதே மூச்சோடு திரும்பினர். அது கீழே சுருங்கி, மேலே பழைய அளவுக்கு வந்தது, அவ்வளவுதான். சிலிண்டர் வளி அப்படியல்ல. அத்துடன் ஆழத்தில் நைதரசன் குருதியிலும் இழையங்களிலும் கரைகிறது. விரைந்து மேலே வந்தால், சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழிகள் எழுவதுபோல அது உடலுக்குள்ளேயே குமிழியாகிறது. மூட்டுகளில் வலி ஏற்படும். குமிழிகள் முண்ணாணைத் தாக்கினால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்துவிடும். அதனால் நாங்கள் நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேற்படாமல் ஏறி, 5 மீற்றரில் நங்கூரக் கயிற்றைப் பிடித்து மூன்று நிமிடம் சும்மா தொங்கினோம். மேலே மிதந்தவர் அதனையும் படம் எடுத்தார்.

படகோட்டி முல்லைத்தீவுப் பக்கத்தவர். நாற்பதைத் தாண்டியவர், இடது காலை இழுத்து நடப்பார். முன்னர் கடலட்டைக்குச் சுழியோடியவராம். ஒரு நாளில் நான்கு சிலிண்டர், நேரம் பார்ப்பதில்லை.

"கீழ போக ஆருக்கும் ஏலும் சேர். மேல வாறதுதான் வேலை" என்றார்.

கால் விறைத்தபோது, திரும்ப இறக்கினால் சரியாகிவிடும் என்று கூட்டாளிகள் அவரை மீண்டும் நீருக்குள் இறக்கியிருக்கிறார்கள். அது ஆபத்தான நம்பிக்கை. உடனே ஒட்சிசன் கொடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று எங்கள் வழிகாட்டி குறுக்கிட்டுச் சொன்னார்.

மாணவர்களே, கரையோரக் கிராமங்களில் வாழும் உங்களில் சிலருக்குப் பரீட்சை முடிந்ததும் இந்தத் தொழிலுக்கு அழைப்பு வரும். போகவேண்டாம் என்று சொல்ல நான் யார்? வீட்டு நிலைமை உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் படகில் ஏறுமுன் சிலவற்றைக் கேளுங்கள். எத்தனை மீற்றர் ஆழம்? கீழே எத்தனை நிமிடம்? அதனை மேலே இருந்து கணக்கெடுப்பவர் யார்? ஒரு நாளில் எத்தனை தடவை இறங்க வேண்டும்? படகில் ஒட்சிசன் இருக்கிறதா?

என்னிடம் படித்த ஒருவன், கணிதத்தில் கெட்டிக்காரன், இப்போது அட்டைக்குப் போகிறான். ஊர் திரும்பியதும் தொலைபேசியில் இவற்றையே அவனிடம் கேட்டேன்.

"சேர், நான் அஞ்சு மீற்றரில மூண்டு நிமிசம் நிண்டால், மற்றவன் அடுத்த சிலிண்டரோட இறங்கி அள்ளிக்கொண்டு போயிடுவான்" என்றான்.

படங்களை அவனுக்கு அனுப்பியிருக்கிறேன். நாங்கள் மூவரும் கயிற்றில் தொங்கும் படமும் அவற்றுள் ஒன்று. பதில் இன்னும் வரவில்லை.