புறஜாதியார் என்பது நாம்தான்



என்னிடம் படித்த ஒரு பெண் போனில் கேட்டாள். "டீச்சர், இயேசு யூதர். பன்னிரண்டு சீஷரும் யூதர். உடன்படிக்கை எல்லாம் இஸ்ரவேலரோடு. அப்படியானால் இரட்சிப்பு நமக்கு எப்படி வந்தது?" இதே கேள்வி எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் எழுந்தது. "அவர்கள் தள்ளினார்கள், தேவன் அவர்களைத் தள்ளிவிட்டு நமக்குக் கொடுத்துவிட்டார்" என்று உறவுக்காரர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். கேள்வி நல்ல கேள்வி. அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை. நிதானமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. யூத மார்க்கத்தின் கதவு மற்றவர்களுக்கு மூடியிருக்கவில்லை. விருத்தசேதனம் செய்துகொண்டு, நியாயப்பிரமாணத்தை ஏற்று, யாரும் உள்ளே வரலாம். அப்படி முழுதாகச் சேராமல், ஜெப ஆலயத்துக்கு வந்து தேவனுக்குப் பயந்து வாழ்ந்த ரோமரும் கிரேக்கரும் இருந்தார்கள். ஆகவே ஆதி சபையில் எழுந்த சண்டை "புறஜாதியார் வரலாமா" என்பதல்ல. "வருகிறவர்கள் முதலில் யூதராக மாறவேண்டுமா" என்பதுதான்.

அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். செசரியாவில் கொர்நேலியு என்று ஒரு நூற்றுக்கு அதிபதி. ரோமப் பட்டாளத்துக்காரர், அதாவது நாட்டைப் பிடித்து வைத்திருந்தவர்களின் ஆள். பேதுருவோ யோப்பாவில், தோல் பதனிடுகிற சீமோன் வீட்டு மாடியில், மதிய வேளையில் பசியோடு இருக்கிறார். வானத்திலிருந்து ஒரு துப்பட்டி இறங்குகிறது. அதில் யூதர் தொடாத மிருகங்கள். அடித்துச் சாப்பிடு என்று சத்தம். மாட்டேன் என்கிறார். மூன்று முறை இப்படி நடக்கிறது. (பேதுருவுக்கு எதுவும் மூன்று முறை சொன்னால்தான் ஏறும் என்று வகுப்பில் சொல்வேன், பிள்ளைகள் சிரிப்பார்கள்.) பிறகு கொர்நேலியு வீட்டுக்குப் போகிறார். பேசி முடிக்கும் முன்பே அந்த வீட்டார்மேல் பரிசுத்த ஆவி இறங்குகிறது. விருத்தசேதனம் கேட்காமலே ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறார்.

எருசலேமுக்குத் திரும்பியதும் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு என்ன தெரியுமா? ஏன் ஞானஸ்நானம் கொடுத்தாய் என்பதல்ல. அவர்கள் வீட்டுக்குள் போய் ஏன் சேர்ந்து சாப்பிட்டாய் என்பது! நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இதே பேதுரு பிறகு அந்தியோகியாவில் புறஜாதி விசுவாசிகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்ததும் எழுந்து ஒதுங்கிக்கொண்டார். பர்னபாவும் கூடவே ஒதுங்கினார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஒரு சாப்பாட்டுக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றும். ஆனால் தனிப் பந்தி போட்டால் தனி இரட்சிப்பு என்று ஆகிவிடும் என்பது பவுலுக்குத் தெரிந்திருந்தது. எருசலேமில் அப்போஸ்தலரும் மூப்பரும் கூடி, விருத்தசேதனம் என்ற பாரத்தைப் புறஜாதியார்மேல் சுமத்தவேண்டாம் என்று தீர்மானித்தது 15ஆம் அதிகாரம். அது இல்லையென்றால் நாம் இல்லை.

எருசலேம் தேவாலயத்தில் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அந்நியன் இதைத் தாண்டினால் சாவுக்கு அவனே பொறுப்பு என்ற பொருளில் கிரேக்க மொழியில் வெட்டிய எச்சரிக்கைக் கல் ஒன்றை 1871இல் கண்டெடுத்தார்கள். இப்போது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எபேசு பட்டணத்துத் துரோப்பீமுவை உள்ளே கூட்டிவந்தார் என்று சந்தேகப்பட்டுத்தான் பவுலை அங்கே பிடித்து அடித்தார்கள். அந்த எபேசியருக்கான நிருபத்தில்தான் கிறிஸ்து நடுச்சுவரை இடித்தார் என்று வருகிறது.

நாமோ இடிந்த சுவரைத் திரும்பக் கட்டினோம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலுக்குள்ளே சாதிக்காக ஒரு சுவர் இருந்தது. 1910இல் அதை இடித்ததும், சுவர் திரும்ப வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நீதிமன்றம் இணங்கவில்லை. இன்றைக்குச் செங்கல் சுவர் இல்லை. ஆனால் மணமகன் தேவை விளம்பரத்தில் "கிறிஸ்தவர்" என்று போட்டு, பக்கத்திலேயே சாதியையும் போடுகிறோம். சொந்தங்கள் கோபித்துக்கொள்ளவேண்டாம், நம் குடும்பத்திலும் போட்டிருக்கிறோம்.

இனி அந்த "தள்ளிவிட்டார்" பேச்சுக்கு வருகிறேன். ரோமர் 11இல் தேவன் தம் ஜனத்தைத் தள்ளிவிட்டாரோ என்று பவுலே கேட்டு, இல்லவே இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். அங்கே ஓர் ஒலிவமரத்தைக் காட்டுகிறார். மா ஒட்டுக் கட்டுகிறவர்களுக்குத் தெரியும்: நாட்டுக் கன்றில் நல்ல ரகத்துக் குச்சியைத்தான் வைத்துக் கட்டுவோம். பவுல் சொல்வது தலைகீழ். நல்ல மரத்தில் காட்டுக் கிளையை ஒட்டினார்களாம். இது இயல்புக்கு மாறானது என்று அவரே சொல்லிவிடுகிறார். காட்டுக் கிளை நாம். வேர் இஸ்ரவேல். வேரைச் சுமப்பது கிளையல்ல, ஆகையால் பெருமை பேசாதே என்கிறார். முறிந்த கிளைகளைத் தேவன் திரும்ப ஒட்டுவார் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

அந்த அதிகாரத்தை மறந்ததால் ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக யூதர்கள் பட்ட பாடு சரித்திரப் பாடத்தில் நீங்கள் படித்ததுதான். இயேசுவின் மரணத்துக்காக அன்றைய யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் பழி போடக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் எழுதி அறிவிக்க 1965 ஆனது. சி.எஸ்.ஐ.க்காரர்கள், பெந்தெகொஸ்தேக்காரர்கள் நாமும் அதைப் படிக்கலாம், குறைந்துபோய்விட மாட்டோம்.

இந்த ஞாயிறு மத்தியானம் நடபடிகள் 10, 11, 15, கலாத்தியர் 2, ரோமர் 11 ஆகியவற்றை இதே வரிசையில் ஒரே மூச்சில் படியுங்கள். வேறு மார்க்கத்துப் பிள்ளைகளும் கதையாகவே படிக்கலாம். சந்தேகம் இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.