மடி வற்றும் நாள்கள்

பாலக்கரையில் நான் சிறுவனாய் இருந்த காலத்தில், சகாயமாதா கோவில் மணி ஒலிக்கும் முன்பே எங்கள் வீட்டுக் கொல்லையில் பால் கறக்கும் ஓசை கேட்கும். அப்பாயி அந்தப் பாலைத் தெருவில் நாலைந்து வீடுகளுக்கு ஊற்றித்தான் எங்கள் பள்ளிச் செலவு நடந்தது.

ஒருமுறை பசு மீண்டும் சினையாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. வளர்ந்துவிட்ட கன்றை லால்குடியிலிருந்த மாமா வீட்டுக்கு ஓட்டிச் சென்றனர். ஈனுவதற்கு முன் இரண்டு மாதமாவது மடிக்கு ஓய்வு வேண்டும் என்பது அப்பாயியின் கணக்கு. பருத்திக்கொட்டையையும் பிண்ணாக்கையும் நிறுத்தி, வைக்கோல் மட்டும் போட்டார். சில நாள் ஒருவேளை கறந்தார். பின்னர் ஒரு காலையில் செம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

மறுநாளே மடி புடைத்துக் கனத்தது. பசு கால் மாற்றி நின்று, கன்று போன வாசலைப் பார்த்துக் கத்தியது. எனக்குப் பொறுக்கவில்லை. இரவில் எவரும் அறியாமல் எழுந்து, கழுவாத கையால் ஒரு காம்பிலிருந்து பாலைப் பீய்ச்சித் தரையில் விட்டேன். பசு என் தோளை நக்கியது. புண்ணியம் செய்தோம் என்றெண்ணி, அடுத்த இரண்டு இரவுகளும் அவ்வாறே செய்தேன்.

அந்தப் பக்கத்து மடி கல்லாய் இறுகிச் சூடேறியது. திரிந்த நீரே வந்தது. கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். பசு பிழைத்தது, அடுத்த ஈற்றில் மூன்று காம்புகளில்தான் பால் வந்தது.

அப்பாயி அடிக்கவில்லை. "கறக்கக் கறக்கத்தான்டா சுரக்கும். அதுக்கு நோவு நாலு நாள்ல அடங்கியிருக்கும், உனக்குத்தான் பொறுக்கல" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். தேங்கிய பாலின் அழுத்தமே சுரப்பை நிறுத்துகிறது. தேங்கியதை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. காம்புத் துளையை மெழுகு போன்ற அடைப்பு மூடிக் கிருமிகளைத் தடுக்கிறது. இன்றும் கறவைப் பசுவுக்கு ஏறத்தாழ 60 நாள் ஓய்வு தருகின்றனர்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இறைச்சிக்காக வளர்க்கும் பசுக்களை எவரும் கறப்பதில்லை. 6 முதல் 8 மாதம் வரை கன்றே குடிக்கிறது. பிரித்தபின் மடி தானே வற்றுகிறது. சிலர் தாயையும் கன்றையும் ஒரு வேலியின் இருபுறமும் சில நாள் நிறுத்துகின்றனர். பார்க்கலாம், முகரலாம், குடிக்க இயலாது. அப்போது இரண்டின் கதறலும் குறைகிறதாம்.

ஈசாக்கு பால்குடி மறந்த நாளில் ஆபிரகாம் பெருவிருந்து அளித்ததைத் தொடக்கநூல் கூறுகிறது. அன்று சாராவின் மார்பு கனத்ததா என்று அது கூறவில்லை.

என் இளைய மகன் வேலைக்காகச் சென்னை சென்றபோது நாள்தோறும் மூன்று முறை தொலைபேசியில் அழைத்தேன். சாப்பிட்டாயா, உறங்கினாயா என்பேன். ஒருநாள், "நான் நன்றாக இருக்கிறேன் அப்பா, நீங்கள்தான்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். கொல்லையில் நின்ற அந்தப் பசு நினைவுக்கு வந்தது.

இப்போது ஞாயிறு மாலை ஒருமுறை மட்டும் பேசுகிறோம். வேலி இருக்கிறது, அவன் குரலும் கேட்கிறது. முதல் சில வாரங்கள் கனத்தன. பிறகு அடங்கிற்று.