மட்டாஞ்சேரியில் தும்மும் அம்பாசடர்

மட்டாஞ்சேரிக்குக் குளிர் தெரியாது. டிசம்பர் விடியற்காலையிலும் தெர்மாமீட்டர் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆனாலும் பஜார் சாலையை ஒட்டிய சந்தில் இரவு முழுக்க நின்ற ஒரு பழைய பெட்ரோல் அம்பாசடரின் சாவியைக் காலையில் திருப்பிப் பாருங்கள். செல்ஃப் சுற்றும். எஞ்சின் இரண்டு முறை தும்மிவிட்டு அடங்கிவிடும். பிடித்துக்கொண்டாலும் நிம்மதியில்லை, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி முழுவதும் மலேரியா கண்டவன் மாதிரி நடுங்கும். ஊட்டிக்காரருக்கு வரவேண்டிய வியாதி கடலோரக்காரருக்கு எப்படி வந்தது?

கொச்சியின் இந்தப் பழைய வணிகப் பேட்டையைச் சுற்றி வந்தால் பதில் கிடைக்கும். ஒரு பக்கம் காயல், சற்று மேற்கே அரபிக் கடல். ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை. 1555-ல் போர்ச்சுக்கீசியர் கட்டி, பின்னர் டச்சுக்காரர்கள் செப்பனிட்ட அரண்மனையின் சுவரோவியங்கள் முதல் யூதத் தெருவின் மிளகு மூட்டைகள் வரை எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே எதிரிதான்: ஈரம். மிளகு வியாபாரி ஈரம் பார்க்காமல் விலை பேசமாட்டார். கொஞ்ச தூரத்தில் இருக்கும் தோபி கானாவில், தலைமுறைகளாக இங்கே வாழும் தமிழ் வண்ணார் குடும்பத்தினர் மழைக்காலத்தில் வானத்தைப் பார்த்தபடிதான் துணி உலர்த்துகிறார்கள்.

அதே ஈரம்தான் பானெட்டுக்குள்ளும் குடியேறுகிறது. மாலையில் சூடாக நிறுத்திய எஞ்சின் இரவில் ஆறும்போது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்ளே நீர் வியர்க்கிறது. காயல் காற்றின் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ப்ளக்குக்குப் போகவேண்டிய ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஈரத்தின் வழியே வேறு பக்கம் நழுவிவிடுகிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இருட்டில் பானெட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டால், வெடிப்பு விட்ட ப்ளக் ஒயர்களின் மேல் நீலப் பொறிகள் ஓடும். (கை வைக்க வேண்டாம்.) டீசல் அம்பாசடர்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் வண்டியில் பொறியே கிடையாது. ஹீட்டர் ப்ளக் சூடானால் போதும்.

ஆகவே இங்கே வைத்தியம் ஒரு பழைய வேட்டித் துண்டில் தொடங்குகிறது. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் துடைக்க வேண்டும். உள்ளே தலைமுடி போலக் கறுப்புக் கோடு தெரிந்தால் துடைத்துப் பயனில்லை. மின்சாரம் தனக்கென்று போட்டுக்கொண்ட கரிப்பாதை அது. மூடியை மாற்றத்தான் வேண்டும். அடுத்தது பாயிண்ட். பிரிட்டிஷ் பூர்வீகம் கொண்ட 1,489 சி.சி. எஞ்சினுக்கு இடைவெளி சுமார் 0.4 மி.மீ. பிறகு ப்ளக்குகள். நனைந்திருந்தால் பொறி வரவில்லை. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

பலரும் எடுத்த எடுப்பிலேயே கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகுகிறார்கள். வேகம் கூடி நடுக்கம் மறையும். வியாதி அப்படியே இருக்கும். காலையில் மட்டும் நடுங்கி, சூடானதும் சரியாகிவிட்டால் ஈரத்தையோ சோக்கையோ சந்தேகிக்கலாம். சூடான பிறகும் நடுங்கினால் சிலிண்டர்களைத் தனித்தனியாக விசாரிக்க வேண்டியதுதான். எஞ்சினை நிறுத்தி ஒரு ப்ளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் உலோகத்தோடு சேர்த்து வைத்துவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றியும் சத்தம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் சோம்பேறி. நான்கும் ஒழுங்காக உழைக்கின்றனவா? சோக்கைக் கொஞ்சம் இழுங்கள். நடுக்கம் நின்றால், கார்புரேட்டரின் அடி கேஸ்கட் வழியே காற்று புகுகிறது, அல்லது ஐடில் ஜெட்டில் தூசி.

பெட்ரோல் பம்ப்பிலிருந்து ஒரு புதுத் தலைவலியும் வந்திருக்கிறது. 2023-ல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், 2025-க்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை. வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஈரம் மிகுதியாகச் சேர்ந்தால், அது எத்தனாலையும் இழுத்துக்கொண்டு டேங்கின் அடியில் தங்கும். காலையில் எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான். பழைய ரப்பர் குழாய்களும் ஊதிப்போகின்றன. அவற்றை மாற்றுவதும், டேங்கை அரைகுறையாக வைக்காமல் அடிக்கடி ஓட்டுவதும்தான் இப்போதைக்கு வழி.

இந்த நடுக்கத்தைச் சகித்துக்கொண்டு ஓட்டக்கூடாதா? முடியாது. பெட்ரோல் காரின் புகைப் பரிசோதனை நடப்பதே ஐடிலில்தான். 2000-க்கு முந்திய கார்களுக்குக் கார்பன் மோனாக்சைடு வரம்பு 3 சதவீதம். அதைத் தாண்டினால் சான்றிதழ் இல்லை. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000. உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றதால், கடைசியாக வந்த வண்டிக்கும் 2029-ல் 15 வயதாகிவிடும்.

எனவே மட்டாஞ்சேரிக்காரர் புகைப் பரிசோதனைக்கு விடியற்காலையில் புறப்படாமலிருப்பது நல்லது. வெயில் ஏறட்டும். தோப்பும்படி பாலம் தாண்டி வில்லிங்டன் தீவை ஒரு சுற்றுச் சுற்றி எஞ்சினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு, சோக் முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பரிசோதனைக் குழாய்க்கு வண்டியைக் காட்டலாம்.