ஷோக்கு

"ஆளு ஷோக்கா இருக்கான்"னு நம்ம ஊர்ல சொன்னா, அது பாராட்டா கிண்டலான்னு சொல்றவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். 'ஷோக்குப் பேர்வழி'ன்னா சந்தேகமே வேண்டாம், கிண்டல்தான். மடிப்புக் கலையாத சட்டை, சென்ட் வாசனை, பையில பத்து ரூபா. மெட்ராஸ் 'சோக்கா கீது' தனி ஜாதி. அங்க மீன் குழம்பு கூட சோக்கா இருக்கும்!

இது இங்கிலீஷ் 'ஷோ'விலேர்ந்து வந்ததுன்னு எங்க பிராஞ்ச்ல ஒருத்தர் அடிச்சுச் சொன்னார். இல்லீங்க. அரபியில 'ஷௌக்'னா ஏக்கம், ஆசை. பாரசீகம், உருது வழியா நம்மகிட்ட வந்தது. மாரெட்பள்ளியில குடியேறின பிறகு மூணு விதமாவும் காதுல விழுது. உருதுல அது விருப்பம், பொழுதுபோக்கு. புறா வளர்க்கிறதும் ஷௌக், கஜல் கேக்கறதும் ஷௌக். தட்டை நீட்டி "ஷௌக் ஃபர்மாயியே"ன்னா "எடுத்துக்குங்க"ன்னு உபசாரம். ஹைதராபாத்காரங்க வாயில அந்தக் கடைசி 'க்' தொண்டையை உரசிட்டு வரும். அதே தெருவுல தெலுங்குக்காரங்க 'ஷோகு'ன்னா நம்ம அர்த்தம்தான், அலங்காரம், மினுக்கு. மைனர் மாதிரி திரியறவனை 'ஷோகில்லா'ம்பாங்க. உருதுல மனசுக்குள்ள இருந்தது, தெலுங்கு, தமிழுக்கு வந்ததும் சட்டை மேல ஏறிடுச்சு.

(பந்தா வேற. பந்தாவுக்கு எதிர்ல ஆள் வேணும், ஷோக்குக்குக் கண்ணாடி போதும். பந்தாவுக்குத்தான் லோன் கேட்டு வருவாங்க.)

இந்த வித்தியாசத்தால ஒரு கல்யாணமே நின்னிருக்கும். கும்பகோணத்து அத்தை பொண்ணுக்கு ஏற்கெனவே மூணு இடம் தட்டிப்போச்சு. நாலாவது பையன் மேற்கு மாரெட்பள்ளியில வாடகைக்கு இருக்கான். விசாரிக்கற வேலை என் தலையில. வீட்டுக்காரர் பழைய ஹைதராபாத் மனுஷர், வயசு எழுபதுக்கு மேல. "ஸ்பீக்கர்ல போடுடா, நானும் கேக்கறேன்"னாங்க அத்தை. பெரியவர் டீயை நீட்டிட்டு, "லட்கா படா ஷௌக்கீன் ஹை, சங்கீத் கா"ன்னார். அத்தைக்கு ஹிந்தி தெரியாது. 'ஷௌக்கீன்' மட்டும் தெளிவா விழுந்திருக்கு.

"ஷோக்குப் பேர்வழின்னு வீட்டுக்காரனே சொல்றான். வேண்டாம்டா."

வெளியே வந்து அரை மணி நேரம் விளக்கினேன். வடக்கேயும் கண்ணைச் சிமிட்டிக்கிட்டு வெறும் 'ஷௌக்கீன்'னு சொன்னா குடி, கூத்துன்னு அர்த்தம் வரும்தான். ஆனா இவர் சங்கீதம்னு சேர்த்துச் சொன்னாரே! அத்தை ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "சங்கீதம்னா சினிமாப் பாட்டா, கர்நாடகமா?"

மறுபடி படியேறிப் போய்க் கேட்டேன். வயலினாம். பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி கோயில்ல ரெண்டு தடவை வாசிச்சிருக்கானாம்.

ராத்திரி ஜாதகத்தை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டாங்க.