லா அபைடிங் சிட்டிசன் - கேட்டது ஒன்று, சொன்னது வேறு

முதலிலேயே ஒரு எச்சரிக்கை. படத்தின் முடிவு இங்கே முழுசாக உடைக்கப்படுகிறது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

2009ல் வந்த படம். இயக்கம் எஃப். கேரி கிரே. ஃபிலடெல்ஃபியாவில் க்ளைட் (ஜெரார்ட் பட்லர்) வீட்டுக்குள் இரண்டு பேர் புகுகிறார்கள். மனைவியும் மகளும் கொல்லப்படுகிறார்கள். செய்தவன் டார்பி, கூட வந்தவன் ஏம்ஸ். அரசு வக்கீல் நிக் (ஜேமி ஃபாக்ஸ்), கேஸ் தோற்றுவிடுமோ என்று பயந்து டார்பியோடு பேரம் பேசுகிறான். டார்பி கூட்டாளிக்கு எதிராகச் சாட்சி சொல்வான். சில வருடச் சிறையோடு தப்பிப்பான். ஏம்ஸுக்கு மரண தண்டனை. கோர்ட் வாசலில் டார்பியும் நிக்கும் கை குலுக்குவதை க்ளைட் தூரத்தில் நின்று பார்க்கிறான். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான்.

பத்து வருடம் கழித்து பழிவாங்கல் தொடங்குகிறது. டார்பியோடு நிற்காமல், ஜெயிலுக்குள் இருந்தபடியே நீதிபதி, வக்கீல்கள் என்று வரிசையாகப் போகிறது.

ரத்தத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் க்ளைட் கேட்பது நியாயமான கேள்வி. நிச்சயமான ஒரு தண்டனைக்காக உண்மையை விட்டுக்கொடுக்கலாமா? இது வெறும் சினிமாக் கேள்வி இல்லை. 2012ல் மிஸ்ஸூரி - ஃப்ரை வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு கணக்கு சொன்னது: மத்திய கோர்ட்டுகளில் 97 சதவீதத் தண்டனைகளும் மாநில கோர்ட்டுகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. விசாரணை முழுசாக நடந்து தீர்ப்பு வருவதுதான் அங்கே அபூர்வம்.

சரி, படம் என்ன பதில் சொல்கிறது? ஒன்றும் இல்லை! க்ளைட் முன்பே வாங்கிய இடத்திலிருந்து தனிமைச் சிறை அறைகளுக்குச் சுரங்கம் தோண்டி வைத்திருந்தானாம். அதுதான் பெரிய மர்மம். நிக் அதைக் கண்டுபிடிக்கிறான். சிட்டி ஹாலில் வைத்த குண்டை எடுத்து வந்து க்ளைட்டின் அறையிலேயே வைக்கிறான். வேண்டாம் என்று ஒரு வாய்ப்பு கொடுக்கிறான். க்ளைட் போனை அழுத்துகிறான். கதவு பூட்டியிருக்கிறது, அவன் கருகிச் சாகிறான். அடுத்த காட்சியில் நிக் மகளின் இசை நிகழ்ச்சியில் உட்கார்ந்திருக்கிறான். சுபம்.

கொலைகாரர்களோடு இனிப் பேரம் இல்லை என்பதுதான் நிக் கற்ற பாடமாம். யோசித்துப் பாருங்கள். கேஸ் இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. ஒரு அரசு வக்கீல் கைதியை அறைக்குள் பூட்டி எரிய விடுகிறான். க்ளைட் செய்ததும் இதே வேலைதானே? அவன் செய்தால் வெறி, நிக் செய்தால் திருந்தியதற்கு அடையாளமா?

இன்னொருவனையும் படம் மறந்துவிட்டது. பேரத்தில் உண்மையிலேயே ஏமாற்றப்பட்டவன் ஏம்ஸ். திருடன்தான், நல்லவன் இல்லை. ஆனால் கொன்றவன் வெளியே போக, கொல்லாதவன் சாகிறான். அதுவும் வலியில்லாமல் போக வேண்டிய ஊசியில் க்ளைட் கலப்படம் செய்ததால் துடித்துச் சாகிறான். உண்மைக்காகப் போராடுவதாகச் சொல்பவனுக்கும் இந்த உண்மை தேவைப்படவில்லை. நிக்கும் கடைசிவரை ஏம்ஸைப் பற்றி வருத்தப்படவில்லை.

நிக் ஒரே ஒரு தடவை, அந்தப் பேரம் தப்பு என்று கோர்ட்டில் எழுந்து சொல்லியிருந்தால் போதும். குண்டே தேவைப்பட்டிருக்காது. ஆனால் அப்படி ஒரு க்ளைமாக்ஸுக்கு விசில் பறக்காதே!

கடைசி இருபது நிமிடத்தை விட்டுவிட்டால் பார்க்க வேண்டிய படம்தான்.